குஸ்னாதியும் ஐம்பத்தெட்டு பிளேடுகளும்

வலது பை, இடது பை, பின்பை. மூன்றையும் வெளியே இழுத்து ஆட்டுக்காது மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு குஸ்னாதி வாசலில் நிற்கிறார். உள்ளே போனவர் சந்தேகம் வந்து திரும்பி, மறுபடியும் பார்க்கிறார். இந்தோனேசியாவில், பாண்டுங் நகரின் அந்த விமான எஞ்சின் பழுதுபார்க்கும் கூடத்துக்குள் கடலைத் தோல்கூட நுழையக் கூடாது. மற்ற பயிற்சியாளர்கள் பையைத் தட்டிக் காட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். இவர் விட்டால் காற்சட்டையையே கழற்றிக் கொடுத்துவிடுவார். கல்யாண மோதிரம் வீட்டில் அரிசி டப்பாவுக்குள் கிடக்கிறது. மனைவிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

வயது முப்பத்தெட்டு. வகுப்பில் இவருக்கு அடுத்த மூத்தவனுக்கு இருபத்திரண்டு. பதினாறு வருஷம் ஷேர் வேன்களின் டீசல் எஞ்சினை உதைத்தும் திட்டியும் ஓட வைத்தவர், டர்பைன் முன்னால் இருமல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

"டீசல் கெட்டா இருமும், புகை விடும், ஊரைக் கூட்டிட்டுத்தான் சாகும்," என்பார், பொரித்த சோயாக் கட்டியான தெம்பேயை மென்றபடி. "இது ஒண்ணும் சொல்லாது. மேல போய்த்தான் சொல்லும்."

இப்படி நடுங்குகிற ஆளைச் சும்மா விடுவார்களா? யாயான் என்கிற இருபது வயசுக் குறும்பன் ஒருநாள் அவர் பாகங்கள் வைக்கும் தட்டில் ஒரு வாஷரை அதிகமாகப் போட்டு வைத்தான். பன்னிரண்டு இருக்க வேண்டியது பதின்மூன்று. எங்கிருந்து கழன்றதோ என்று குஸ்னாதி சாப்பிடப் போகாமல், மாட்டிய பாகத்தை முழுக்கப் பிரித்தார். மூன்று மணிக்கு யாயானுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, திரும்ப மாட்ட உதவினான். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை. தப்புக்கு ஒரு ஓட்டை. மூன்று விழுந்தால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். குஸ்னாதியிடம் ஏற்கெனவே இரண்டு. பட்டறையை மச்சானிடம் விட்டுவிட்டு வந்தவர்; திரும்பினால் அங்கே கூலியாள்.

புதன்கிழமை, எடை பார்த்த டர்பைன் பிளேடுகளுக்கு வரிசை எண் போட உட்கார்ந்தார். விரல் நீள உலோக இதழ்கள், ஐம்பத்தெட்டு. அதற்கென்று கொடுத்த பேனாவில் முதல் எண்ணுக்கே மை வரவில்லை. கை தானாகக் காதுக்குப் போனது. பையை மூன்று தடவை சோதிக்கிற மனிதர் காதை ஒரு தடவைகூடச் சோதித்ததில்லை. காலையில் வீட்டுக் கூரைக்கு அளவெடுத்த பென்சில் அங்கேயே இருந்தது.

நான்கு பிளேடுகளில் எழுதிவிட்டார். ஐந்தாவதை எடுக்கும்போது உறைத்தது. முதல் வாரத்தின் முதல் பாடம் அது: வெந்து தணிகிற பாகத்தில் சாதா பென்சில் படக் கூடாது. எஞ்சின் கொதிக்கும்போது அந்தக் கரி உலோகத்துக்குள் இறங்கும். இறங்கின இடம் விரிசல் விடும். பதறிப்போன கட்டைவிரல் துடைத்துத் தள்ளியது. துடைத்த வேகத்தில் நான்கும் தட்டில் எண் போடாத மற்றவற்றோடு கலந்துவிட்டன.

யாயான் பார்த்துவிட்டான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று முதலில் சத்தியம் செய்தான். பிறகு தன் பேனாவை நீட்டி, குரலைத் தாழ்த்தி, "துடைச்சாச்சுல்ல, விடுங்கண்ணே. எதுல எழுதினீங்கன்னு உங்களுக்கே தெரியாது," என்றான்.

"எனக்கே தெரியாதுடா. அதான் பயம்."

அந்த எஞ்சின் நாட்டின் கிழக்குக் கோடியில், பாப்புவா மலைகளுக்குப் போகிறது. சரிவான புல்தரையில் இறங்குகிற சின்ன விமானம்; உள்ளே வாத்தியார்கள், பன்றிக்குட்டிகள், சர்க்கரைவள்ளிக் கிழங்கு மூட்டைகள். குஸ்னாதி அந்தப் பக்கம் போனதே இல்லை. இருந்தாலும் ஒரு வாத்தியார் மடியில் பையை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

பரிசோதகர் ரெங்கானிஸ் வந்தார். குஸ்னாதியைவிட ஒன்பது வயது இளையவர். கத்தவே மாட்டார், அதனாலேயே எல்லோருக்கும் கிலி. வேலை முடித்தவர் தட்டில் கட்டும் பச்சைச் சீட்டில் அவர் முத்திரை குத்தினால், பிளேடுகள் சக்கரத்தில் பூட்டும் மேசைக்குப் போய்விடும். சிவப்புச் சீட்டு விழுந்தால் ஐம்பத்தெட்டும் திரும்பக் கழுவப் போகும். எஞ்சின் இரண்டு வாரம் நிற்கும்; தப்பு செய்தவர் அட்டையில் ஒரு ஓட்டை விழும்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

யாயான் தரையைப் பார்த்தான். குஸ்னாதி பச்சைச் சீட்டைத் தள்ளி வைத்து, சிவப்பை எடுத்து, கோணல் எழுத்தில் எழுதினார்: பென்சில் பட்டது. எந்த நான்கு என்று தெரியாது. எழுதியது குஸ்னாதி.

சீட்டைத் தட்டில் கட்டப் போனார். பிசிறு விட்ட நூல் சீட்டின் துளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது. ரெங்கானிஸ் கையில் முத்திரையோடு காத்திருந்தார். குஸ்னாதி நூல் நுனியை வாயில் வைத்து ஈரப்படுத்தி, ஊசி கோப்பவர் போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துளைக்குள் விட்டார்.