பட்டன் டப்பாவில் மாத்திரைகள்

பூட்டிய கதவைத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பது தையற்காரம்மாவின் பல வருடப் பழக்கம். பதற்றத்துக்கான புது மருந்துச் சோதனையில் அவளைச் சேர்த்துவிட்டவள், வீட்டின் முதல் பட்டதாரியான மகள்.

"குணமாகட்டும், திரும்பிப் பார்க்காம உன்கூட வர்றேன்டி" என்று அம்மா வாக்குக் கொடுத்தாள்.

ஆனால் ஒருநாள் மகள் பட்டன் டப்பாவைத் திறந்தபோது, மாத்திரைகளெல்லாம் அதில் கிடந்தன.

"உனக்குத்தான் சேர்த்து வச்சேன். இன்டர்வியூன்னா உனக்குக் கை நடுங்குதே! எனக்கு இது பழகின பேய்."

மகள் ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொன்னாள். அவர்கள் மாத்திரைகளை வாங்கிக்கொண்டு அம்மாவைச் சோதனையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

"சோதனையில பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரைதான் குடுப்பாங்க. அதுல மருந்து இருந்துச்சா, வெறும் மாவான்னு எங்களுக்கே தெரியாதும்மா" என்றாள் நர்ஸ்.

இப்போது கதவை இழுத்துப் பார்க்கத் தெருமுனையிலிருந்து இருவருமே திரும்புகிறார்கள். அம்மாவின் வாக்கு பாக்கியாகவே நிற்கிறது.