தர்ம நிதிக்கு ஆகாத பாவாடை

கோடித் துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. மற்றவர்களுக்குத் தீபாவளி ஞாபகம் வரும். எனக்கு விழுப்புரத்து மிராசுதார் குடும்பம் ஒன்றின் தர்ம நிதி ஞாபகம் வரும்.

யுத்தத்தால் துணிக்குத் தட்டுப்பாடு வந்திருந்த காலம். திண்டிவனத்தில் ஒரு சங்கத்தார் ஏழைப் பெண்பிள்ளைகளுக்கென்று நடத்திய விடுதியில், நாங்கள் 'போர்டிங்கு' என்போம், தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு அரிசியும் கேப்பையும் அந்த நிதியிலிருந்துதான் வந்தன. பொய் சொல்லக் கூடாது, வயிறாரத்தான் சாப்பிட்டோம். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை அந்த வீட்டுப் பெரியம்மாள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, எங்களை வெயிலில் வரிசையாக நிறுத்தி, தர்மம் உண்மையான ஏழைகளுக்குத்தான் போகிறதா என்று பார்வையிடுவார். அன்றைக்கு இருப்பதிலேயே பழசைத்தான் உடுத்த வேண்டும், எண்ணெய் வைத்துத் தலை வாரக் கூடாது என்பது விடுதியைப் பார்த்துக்கொண்ட டீச்சரம்மாவின் உத்தரவு.

இந்தக் கூத்தெல்லாம் ஒலக்கூர்ப் பக்கத்தில் கூலி வேலை செய்த என் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? பெரிய மனுஷர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக் கூலியாகக் கிடைத்த காயை விற்று, எங்கெங்கோ அலைந்து ஒரு சீட்டித் துணி வாங்கி, அதில் பாவாடை தைத்து எடுத்துக்கொண்டு விடிந்ததும் விடியாததுமாக நடந்தே வந்துவிட்டாள். டீச்சரம்மா பார்ப்பதற்குள் கிணற்றடியில் வைத்து அதை எனக்கு உடுத்தி, எண்ணெய் வழிய இரட்டைப் பின்னலும் போட்டாள். உத்தரவை நான் சொல்லியிருக்க வேண்டும். புதுத் துணி ஆசையில் சொல்லவில்லை.

வரிசையில் என்னிடம் வந்ததும் பெரியம்மாள் நின்றார். பாவாடையின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இதுவா ஏழைப் பொண்ணு? எங்க வீட்டுப் பசங்களுக்கே இந்தத் துணி கிடைக்கல. இதும் பேரை எடுத்துடுங்க."

டீச்சரம்மா பேர்ப் பட்டியலைப் பிரித்தார். பேர் போனால் படிப்பும் போச்சு, மறுநாளே களைவெட்டப் போக வேண்டியதுதான் என்பது எனக்கே தெரியும். வேலியோரம் நின்றிருந்த அம்மா ஓடிவந்து கும்பிட்டாள். மரியாதைக்காக உடுத்தியது, வேறு ஒன்றும் எங்களிடம் இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அந்த அம்மாள் காதில் போட்டுக்கொள்ளாமல் அடுத்த பிள்ளையிடம் நகர்ந்தார். அம்மா என் முன்னால் குந்தினாள். இடுப்புக்குக் கீழே பாவாடையைப் பிடித்து விளிம்பு வரை டர்ரென்று கிழித்தாள்.

"இப்பப் பாருங்கம்மா, கிழிஞ்சதைக் கட்டிக்கினு நிக்கிறா. இப்ப ஏழையாத் தெரியுதா எம் பொண்ணு?"

பெரியம்மாள் திரும்பிப் பார்த்து, "சரி, இருக்கட்டும்" என்றார். மகா உபகாரம்! வேறு யாருக்கு வரும் இந்தப் பெரிய மனசு?

என் பேர் தங்கியது. படித்தேன், பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போனேன். விடுதி இருந்த இடத்தில் இன்று லாரி ஷெட் நிற்கிறது. பெரியம்மாளும் இல்லை, டீச்சரம்மாவும் இல்லை, அந்த நிதியும் எப்போதோ கரைந்துபோனது. அவர்கள் மேல் எனக்குள்ள கோபத்தை இதோ எழுதித் தீர்த்துக்கொள்கிறேன். ஆனால் அன்று, கிழிசலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றபோது, எனக்குக் கோபம் வந்தது அவர்கள் மேல் இல்லை. எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கிவிட்டாளே என்று அம்மா மேல்தான். ஊருக்குக் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டாள், நான் போகவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்த விடுதிக்கு வரவே இல்லை.