வெள்ளி, சனி மாத்திரை

பாளையங்கோட்டையில பிரிஸில்லா டீச்சர் வேதக்கோயில்ல கீபோர்டு வாசிக்கிற வேகத்தை வச்சே அவ மனசு எப்படியிருக்குன்னு சபை சொல்லிரும். மனசு ஏறிட்டுன்னா பாமாலை பறக்கும். அவ ஆமெனுக்கு வந்திருப்பா, சபை ரெண்டாஞ் சரணத்துல மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கும். இறங்கிட்டுன்னா கல்யாணப் பாட்டும் அடக்கப் பாட்டா இழுக்கும். பைபோலார்னு பேர் தெரிஞ்சு மாத்திரை ஆரம்பிச்ச பிறவுதான் வீடு நிம்மதியாத் தூங்குச்சு.

ஆனா மாத்திரை போட்டா விரல் நடுங்குது. ஒரு கட்டையைத் தொடப்போனா ரெண்டு கட்டை அமுங்குது. டாக்டர்ட்டச் சொல்லி, "அப்ப வாசிக்கதை விட்டுருங்க"ன்னுட்டா? அந்த ஒத்தைப் பயத்துல வெள்ளியும் சனியும் மாத்திரையைத் துப்பிட்டு, ஞாயித்துக்கிழமை ஜோரா வாசிச்சா கெட்டிக்காரி! கொஞ்ச மாசத்துல பாமாலை திரும்பவும் பறக்க ஆரம்பிச்சுட்டு.

டாக்டர் சுகிர்தா ரத்தப் பரிசோதனை முடிவைப் பாத்து நெத்தியைச் சுருக்குனாங்க. "மருந்து ரத்தத்துல கம்மியா இருக்கே. ஒழுங்காப் போடுதீங்களா டீச்சர்?"

வழக்கம்போல புருசன் பாக்கியசீலன் முந்திக்கிட்டார். கோர்ட்டுல குமாஸ்தா, பேச விட்டா வக்கீலையே முந்துவார். "ஒருநாள் தப்பல டாக்டர். தண்ணி எடுத்துக் குடுக்கதே நான்தான்."

"அப்ப அளவைக் கூட்டிர வேண்டியதுதான்." டாக்டர் பேனாவை எடுத்தாங்க.

பிரிஸில்லா தன் விரலைப் பாத்தா. இதுக்கே இந்த ஆட்டம்னா, கூட்டினா?

"கூட்டாதீங்க டாக்டரம்மா! வெள்ளி, சனி நான் முழுங்குததே இல்ல. துப்பிருதேன்."

"ஏட்டி!" பாக்கியசீலன் நாற்காலியை விட்டே எந்திச்சுட்டார்.

"நீங்க சும்மா இருங்க. நோய் எனக்கு, நான் சொல்லுதேன்." ரெண்டு கையையும் நீட்டிக் காட்டினா. "இப்படி ஆடுது. வாசிக்கக் கூடாதுன்னுருவீங்களோன்னுதான் மறைச்சேன்." சொல்லி முடிக்கவும் அழுதுட்டா.

டாக்டர் திட்டல. பேனாவை மூடி வச்சாங்க. "இது மருந்து பண்ணுத வேலை டீச்சர். அளவை மாத்திப் பாக்கலாம், நடுக்கத்துக்கும் வழி இருக்கு. நீங்களா மட்டும் நிறுத்திராதீங்க. உங்களை வாசிக்க வைக்கத்தானே நான் இருக்கேன்? முந்தியே சொல்லப்பிடாதா?"

நெஞ்சுல கிடந்த பாறாங்கல்லு அங்கனயே இறங்கிட்டு.

வெளைச்சலுக்கு நன்றி சொல்லுத ஸ்தோத்திரப் பண்டிகை வந்துச்சு. கோயில் பூரா வாழைத்தாரும் கரும்பும். விரல்ல லேசா ஆட்டம் இருந்துச்சுதான், ஆனா கட்டை தப்பல. ஓடவுமில்ல, இழுக்கவுமில்ல. சபையும் அவளும் ஒண்ணா ஆமெனுக்கு வந்து சேந்தாங்க. அடேயப்பா, என்னா சத்தம்!

வாசல்ல கூட்டம் சூழ்ந்துக்கிட்டு. "டீச்சர் இப்ப சொகமா?"ன்னு யாரோ கேட்டாங்க. பாக்கியசீலன் வாயைத் தொறந்தார். தொறந்த வாயை மூடிக்கிட்டு, பொண்டாட்டியைப் பாத்தார்.

"சொகம்தான். தினமும் மாத்திரை போடுதேன்"னா பிரிஸில்லா, அத்தனை பேர் காதுலயும் விழுத மாதிரி.