லீவர் இருந்த பக்கம்: திண்டிவனம் முதல் மரக்காணம் வரை இரண்டு வண்டிகளில்

இது ஊர் பார்க்கப் போன பயணம் அல்ல, வண்டி பார்க்கப் போனது. போன டிசம்பர் கடைசியில், மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்த சனி, ஞாயிறு. படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள கேம்பர் வேன் வாங்கும் ஆசை எங்கள் வீட்டில் பல வருடமாக உண்டு. ஆல் வீல் டிரைவா, ஃபோர் வீல் டிரைவா என்பதுதான் முடிவாகாமல் இருந்தது. இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் எங்கள் நிலைமை. என் கணவர் சேகருக்கு இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்தது. இப்போது நடக்கிறார், நன்றாகப் பேசுகிறார். இடது கையும் காலும் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. அதுவரை வண்டி ஓட்டுவது அவர், வழி பார்ப்பது நான். இனி நான்தான் ஓட்ட வேண்டும் என்றானதும் அவருக்கு வேன் ஆசையே விட்டுப்போனது. "நீ போய்ட்டு வா மாலதி. சாமான் மாதிரி ஓரமா ஒக்காந்துக்கினு நான் எதுக்கு வரணும்?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். அவர் வராத பயணத்துக்கு எனக்கு வேன் எதற்கு? ஓட்டிப் பார்க்க மட்டும் வாங்க, பிடிக்கவில்லையென்றால் பேச்சை விட்டுவிடலாம் என்று கெஞ்சித்தான் கூட்டிப்போனேன்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காலை ஏழு மணிக்குக் கிளம்பி, டிபனுக்கு நிறுத்தியும் எட்டரைக்குள் போய்விட்டோம். அங்கே வேன்களை கேம்பராக மாற்றித் தரும் பட்டறை வைத்திருக்கும் பாஸ்கர், சேகரின் பழைய நண்பர். இரண்டு ரகத்திலும் ஒவ்வொன்று நாள் வாடகைக்குத் தந்தார். ஒரு நாளுக்கு நாலாயிரம், டீசல் நம்முடையது.

வித்தியாசம் எனக்குப் புரிந்த அளவில் இதுதான். ஆல் வீல் டிரைவில் எந்தச் சக்கரம் வழுக்குகிறது என்று பார்த்து வண்டியே மற்றச் சக்கரங்களுக்கு விசையை அனுப்பிக்கொள்ளும். நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். லீவர் வைத்த ஃபோர் வீல் டிரைவ், சாதாரண நேரத்தில் பின்சக்கரங்களால் மட்டும் ஓடும். சேறோ மணலோ வந்தால் நாம்தான் லீவரைப் போட வேண்டும். காய்ந்த தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் திரும்பும்போது வண்டி முரண்டு பிடிக்கும், பாகங்களும் கெடும்.

சனிக்கிழமை ஆல் வீல் டிரைவ். மரக்காணம் ரோட்டில் போய், பெருமுக்கல் அருகே ஏரிக்கரையை ஒட்டிய மண் பாதையில் இறக்கினேன். டிராக்டர் உழப்பிய சேறு. பயந்துகொண்டே போனேன். டாஷ்போர்டில் ஒரு விளக்கு இரண்டு முறை மின்னியது, அவ்வளவுதான், தாண்டிவிட்டது. கரையில் நிறுத்தி டீ போட்டோம். இதைவிட நல்ல வண்டி கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. சேகர் ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறது என்றேன். "நல்லாதான் இருக்குது. யாருக்கும் வேல இல்ல" என்றார். அன்று திரும்பும் வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோர் வீல் டிரைவ், அதே பாதை. சேற்றில் பாதி தூரத்தில் பின்சக்கரங்கள் வெறுமனே சுழன்றன. பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்து இன்னும் புதைத்தேன். லீவர் ஞாபகம் வந்து கையை நீட்டினால், அதன்மேல் ஏற்கெனவே சேகரின் வலது கை இருந்தது. இரண்டு இருக்கைக்கும் நடுவில், கியருக்கும் இடப்பக்கம், அவர் தொடையை ஒட்டி இருந்தது லீவர்.

"கிளட்ச மிதி" என்றார். மிதித்தேன். அவர் இழுப்பதற்குள் விட்டுவிட்டேன். கரகரவென்று ஒரு சத்தம்.

"இன்னா அவசரம்? நான் சொன்னப்பறம் விடு."

இரண்டாவது முறை சொன்னதும் விட்டேன். முன்சக்கரங்கள் பிடித்து இழுக்க, வண்டி மெல்ல மேலே ஏறியது. லீவர் எனக்கு எட்டாத தூரமில்லை. அதற்குப் பிறகு நான் கை நீட்டவில்லை.

மரக்காணத்துக்கு முன்னால் சவுக்குத் தோப்பு வழியாக மீனவர் குப்பத்துக்குப் போகும் மணல் பாதை ஒன்று உண்டு. அங்கே போவதற்குள் எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது. நான் "மிதிச்சிட்டேன்" என்பேன், அவர் "போட்டுட்டேன்" என்பார். பாதை ஓரத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா இதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஒரு வண்டிய ரெண்டு பேரு ஓட்டிக்கினு வர்றீங்க. லைசென்ஸு யாரு பேர்ல?"

"பாதி பாதிங்க" என்றார் சேகர்.

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் மீன்மேல் உட்கார்ந்திருந்த காக்கையெல்லாம் எழுந்து பறந்தது. சேகரும் சிரித்தார், தோள் குலுங்க. நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டேன். தார் ரோட்டில் ஏறியதும் லீவரை எடுக்க நான் மறந்தேன். அவர் மறக்கவில்லை.

இனி உங்களுக்கு. பெரும்பாலும் தார் ரோடு, எப்போதாவது சேறு என்றால் ஆல் வீல் டிரைவே போதும். ஓட்டுபவருக்குக் களைப்பும் குறைவு. ஆழமான மணல், மலைப்பாதை என்று அடிக்கடி போவீர்களானால் ஃபோர் வீல் டிரைவ் வாங்குங்கள். எதுவானாலும் மணலில் இறங்கும் முன் டயரில் காற்றைக் குறையுங்கள், தார் ரோட்டுக்கு வந்ததும் நிரப்புங்கள். கடற்கரைக்குள் ஓட்டாதீர்கள்; ஆமைகள் முட்டையிடும் இடம் அது. முக்கியமாக, ஓட்டுபவர் மட்டும் வண்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பக்கத்து இருக்கையில் வரப்போகிறவரையும் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்துப் பாருங்கள்.

மாலை ஐந்தரைக்குப் பட்டறையில் சாவியைக் கொடுத்தோம். பாஸ்கர் என்னைப் பார்த்து, ரெண்டு மாதம் பொறுத்தால் லீவருக்குப் பதிலா சுவிட்ச் வைத்த வண்டி வரும், ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும், உங்களுக்கு ரொம்ப வசதி என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சேகர் முந்திக்கொண்டார்.

"சுவிட்ச்லாம் வேணாம் பாஸ்கரு, லீவரே இருக்கட்டும். வண்டிய எப்ப குடுப்ப, அத சொல்லு."