அரைத் தொட்டித் தண்ணீர்

திருமங்கலத்தைத் தாண்டி, நான்குவழிச் சாலையை ஒட்டி, லாரிகள் நிற்கும் பெரிய பொட்டல் ஒன்று இருக்கிறது. ராமநாதபுரம் பக்கத்து எண்ணெய்க் கிணறுகளுக்கு வண்டிகள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனத்தின் இடம் அது. ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்த மறுவாரமே அங்கே போய் ஓட்டுநர் வேலை கேட்டேன். மெக்கானிக்கல் டிப்ளமோ, லைசென்ஸ், ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கான பயிற்சிச் சான்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வரிசையாக வைத்திருந்தேன். மேலாளர் கடைசித் தாள் வரை பொறுமையாகப் புரட்டினார்.

"எல்லாம் இருக்கு. ஓட்டுன அனுபவம் எங்கம்மா?"

"டிரைவிங் ஸ்கூல் லாரி ஓட்டியிருக்கேன் சார்."

"அதுல என்ன லோடு? பின்னால நாலு பேரு ஒக்காந்து அவுகவுக முறைக்குக் காத்துக்கிட்டிருப்பாக. அதெல்லாம் ஒரு லோடா? நெசமான சரக்கோட ஒரு வருசம் ஓட்டிட்டு வா. அப்புறம் பாப்போம்."

பெண்ணாயிற்றே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆரப்பாளையம் திரும்பும் பேருந்தில் அதை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஏன் இந்த வேலை என்று எல்லோரும் கேட்டார்கள். சொல்வதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. எண்ணெய் நிறுவனங்களில் டிப்ளமோ படித்தவர்களுக்கான வேலைக்கு எங்கள் வகுப்பே விண்ணப்பித்தது. ஒருவருக்கும் பதில் இல்லை. அதே கிணறுகளுக்கு வண்டி ஓட்ட ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார்கள். நான் பைக் சர்வீஸ் சென்டரில் வாடிக்கையாளர் சொல்லும் குறைகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அங்கே ஸ்பேனரைத் தொடக்கூட எனக்கு வாய்ப்பில்லை. இவையெல்லாம் மற்றவர்களுக்குச் சொன்னவை. லாரியின் இருக்கையில் ஏறி உட்கார்ந்த முதல் நாளே அந்த உயரம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு வேறு கவலை. "பொண்ணு பாக்க வாரவுக, பிள்ளைக்கு என்ன வேலைன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"டிரைவர்னு சொல்லும்மா."

"மாப்பிள்ளை டிரைவரா இருந்தா வேணாம்னு ரெண்டு சம்பந்தத்தத் தட்டிவிட்டிருக்கேன்டி. இப்ப நீயே டிரைவரா?"

நானும் சிரித்துவிட்டேன். அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். அதைச் சம்மதம் என்று நான் வைத்துக்கொண்டேன்.

விளாங்குடியில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரியின் ஓட்டுநர் அந்தச் சமயம் வேலையை விட்டுவிட்டுத் துபாய் போயிருந்தார். லாரியின் சொந்தக்காரர், இடுப்புவலியோடு, தானே ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் போனேன்.

"அண்ணே, வண்டிய நான் ஓட்டவா?"

"நீ தண்ணி புடிக்க வந்த பிள்ளையில்ல?"

லைசென்ஸைக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

முதல் சில நாட்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். எதையும் சொல்லிக்கொடுக்க அவருக்கு வரவில்லை. வளைவு வந்தால் "ஆத்தீ" என்பார். பேருந்து எதிரே வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். அவர் காலடியில் இல்லாத பிரேக்கை இடைவிடாமல் மிதித்துக்கொண்டே வருவார். தெருவில் ஒரு அக்கா என்னை அண்ணாந்து பார்த்து, "ஏம்மா, நீ ஓட்டுனாலும் தண்ணி எப்பவும்போலத்தான வரும்?" என்று கேட்டார். வரும் என்று உறுதி சொன்னேன்.

வினை ஆரப்பாளையத்தில் வந்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு மீதியோடு கிளம்பினோம். சிக்னலில் சிவப்பு விழுந்தது. ஓர் ஆட்டோவுக்குப் பின்னால் சரியாக நிறுத்தினேன். நின்றுவிட்டதே என்று பிரேக்கிலிருந்து காலைக் கொஞ்சம் தளர்த்தினேன். அந்த நொடியில் முதுகுக்குப் பின்னால் 'தொம்' என்று ஒரு சத்தம். வண்டி தானாக முன்னால் நகர்ந்து ஆட்டோவை முட்டியது.

ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். "ஏம்மா, நின்ன வண்டி எப்படிம்மா வந்து முட்டும்?"

"தண்ணி தள்ளிருச்சுப்பா" என்றார் எங்கள் லாரிக்காரர்.

"தண்ணி டேங்குல கெடக்கா, ஒங்க வயித்துல கெடக்காண்ணே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆட்டோவின் பின்தகடு லேசாக மடங்கியிருந்தது. அவரே அதைக் கையால் நிமிர்த்தி, என்னை ஒருமுறை முறைத்துவிட்டுப் போனார். லாரிக்காரர் விளாங்குடி வரும்வரை அந்த இல்லாத பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. வந்ததும், "இனிமே வேணாம்மா. ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒங்கப்பாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது" என்றார்.

இந்த லாரி போனால் எனக்கு வேறு லாரி இல்லை. அனுபவம் இல்லாத பெண்ணை நம்பி வண்டி கொடுக்க மதுரையில் இன்னொருவரைத் தேட முடியாது. அதனால் வீட்டுக்குப் போய் அழாமல் யோசித்தேன். தொட்டி நிறைந்திருக்கும்போது தண்ணீருக்கு நகர இடமில்லை. வண்டி கனமாக இருந்தாலும் சாதுவாக வரும். காலியாக இருந்தால் தள்ள ஒன்றுமில்லை. பாதி இருக்கும்போதுதான் தண்ணீர் முன்னும் பின்னும் ஓடும். வண்டி நின்ற பிறகும் அது நிற்காது. எண்ணெய் டேங்கர்களில் குறுக்கே தடுப்புத் தகடுகள் வைத்திருப்பார்கள். எங்கள் பழைய தொட்டியைக் கழுவும்போது உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறேன்; ஒரு தகடுகூடக் கிடையாது.

மறுநாள் காலையில் போய் அவரிடம் சொன்னேன். "அண்ணே, ஆரப்பாளையத்துக்கு முழு லோடா கொண்டுபோய் மொத்தமா எறக்கிட்டுக் காலியா வந்துருவோம். அரை லோடு கேக்குறவுகளுக்கெல்லாம் விளாங்குடி தெருவுக்குள்ளயே ஊத்துவோம். சிக்னலே கிடையாது."

"லாட்ஜ்ல முழு லோடு எறக்க எடமில்லையேம்மா."

"பக்கத்து லாட்ஜும் நம்மகிட்டதான வாங்குறாக? ரெண்டுக்கும் ஒரே நேரத்துல ஊத்துவோம்."

அவர் தலையைச் சொறிந்தார். "இது ஏன் எனக்கு இம்புட்டு நாளாத் தோணல?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு சாவியைக் கொடுத்தார். ஆனாலும் தெருக்களில் அரைத் தண்ணீரோடு ஓட்டவேண்டியிருந்தது. தொலைவிலேயே பிரேக்கைத் தொட்டு, கொஞ்சம் விட்டு, மறுபடி மிதித்து, உள்ளே சத்தம் அடங்கும்வரை காலை எடுக்காமல் இருக்கப் பழகினேன். கொஞ்ச நாளில் அவர் பக்கத்து இருக்கையில் தூங்க ஆரம்பித்தார். பிறகு வருவதையே விட்டுவிட்டார்.

ஒரு வருடம் முடிந்ததும் அந்தப் பொட்டலுக்குப் போனேன். மேலாளருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "என்ன லோடு ஓட்டுன?"

"தண்ணி சார்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சரி, ஓட்டிக் காட்டு" என்றார்.

என்னோடு இன்னொருவரும் வந்திருந்தார். வடக்கே பல மாநிலங்களில் லாரி ஓட்டியவர், மீசை நரைத்தவர். சோதனைக்கு நின்றிருந்தது தண்ணீர் ஏற்றிய டேங்கர். முதலில் அவர் ஓட்டினார். தரையில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டுக்குச் சரியாக நிறுத்தினார். மண்மேட்டின் பாதியில் நிறுத்தி, ஒரு விரற்கடைகூடப் பின்வாங்காமல் மறுபடி ஏறினார். பார்க்கவே அழகாக இருந்தது.

என் முறை வந்ததும் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். "ஏறிப் பாரு" என்றார் மேலாளர். ஏணியில் ஏறி மூடியைத் திறந்து பார்த்தேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே. கோட்டில் நிறுத்துவது எனக்குச் சிரமமாக இல்லை. மண்மேட்டில்தான் தப்பு செய்தேன். நிறுத்தி மறுபடி கிளப்பும்போது எஞ்சின் அணைந்தது. வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தேன்.

"பயப்படாத தாயி! கிளச்ச மெதுவா விடு!" என்று கீழேயிருந்து மீசைக்காரர் கத்தினார்.

"அண்ணே, டெஸ்ட்டு ஒங்களுக்கு முடிஞ்சுபோச்சு. சும்மா இருங்க" என்றார் மேலாளர்.

தண்ணீர் பின்சுவரில் மோதி அடங்கட்டும் என்று காத்திருந்தேன். இரண்டாம் முறை வண்டி ஏறியது.

கச்சா எண்ணெய் ஏற்றும் டேங்கருக்கு ஓர் இடம்தான் இருந்தது. அது மீசைக்காரருக்குப் போனது. அது நியாயமென்று எனக்கே தெரிந்தது. பேருந்தில் என்ன சொல்லித் தேற்றிக்கொள்வது என்று யோசித்தபடி கோப்பைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது மேலாளர் கேட்டார்:

"புதுசாக் கிணறு தோண்டுற எடத்துக்குத் தண்ணி வேணும். தொளை போடுறதுக்குச் சேறு கலக்க, சிமெண்டுக்கு, எல்லாத்துக்கும். நாள் பூரா பக்கத்துக் கண்மாயோரப் போர்ல புடிச்சுக் கொண்டாந்து ஊத்தணும். தூர டிரிப் இல்ல, பேட்டா கம்மி. கேட்ட ஆளெல்லாம் வேணாம்னுட்டான். போறியா?"

மீசைக்காரர் சிரித்தார். "எண்ணெய்க் கம்பெனிக்கு வந்து மறுபடியும் தண்ணி லாரியா, தாயி?"

எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் இருந்தது. பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன். பெண்கள் தங்க இடம் இருக்கிறதா? சமையல்கார அக்கா இருக்கும் வீட்டில் ஓர் அறை தருவதாக மேலாளர் சொன்னார். கழிப்பறை? இருக்கிறது. கடைசியாக, "வேலை இல்லாத நாள்ல எண்ணெய் டேங்கர்ல இடது பக்கம் ஒக்காந்து போகலாமா சார்?"

"எதுக்கு?"

"அடுத்த இடம் காலியாகும்போது என்னைக் கேப்பீங்கள்ல."

அவர் மீசைக்காரரைப் பார்த்தார். மீசைக்காரர் தோளைக் குலுக்கி, "வரட்டும். பேச்சுத் தொணைக்காச்சு" என்றார்.

இப்போது நான் பனைமரங்களுக்கு நடுவே கிணறு தோண்டும் ரிக் நிற்கும் ஒரு பொட்டலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். எப்படியும் மாதத்துக்கு இரண்டு முறை டேங்கரின் இடது இருக்கை கிடைக்கிறது. மீசைக்காரருக்கு வாய் ஓயாது. அவர் பேசுவதில் பாதி பொய் என்று நினைக்கிறேன். போன வாரம் கிடங்கில் எண்ணெயை இறக்கிவிட்டு வெளியே வந்ததும் மேலாளர் அவரைப் போனில் கூப்பிட்டார். மீசைக்காரர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "கேட்டுக்கிட்டேன் சார்… சரி சார்" என்றார். பிறகு கதவைத் திறந்து கீழே இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து நின்றார்.

"நகரு தாயி. கிணறு வரைக்கும் நீ ஓட்டணுமாம்."

அவர் என்னைவிட உயரம். இருக்கையை முன்னால் இழுத்து, இரண்டு கண்ணாடிகளையும் திருப்பிக்கொண்டு, சாவியைத் திருகினேன்.