ரோலர் சத்தத்தில் சொன்னது

அன்பான சபையாருக்கு,

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதிப் பழகியவள் அல்ல. தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சாட்சி சொல்ல யாராவது எழுந்திருங்கள் என்று உபதேசியார் கேட்கும்போதெல்லாம், பாயின் ஓரத்தில் பிரிந்த கோரையைத் திருகிக்கொண்டு தலை குனிந்திருப்பேன். எழுந்து நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வாயால் சொல்ல முடியாதவள் எழுதியாவது கொடுக்க வேண்டாமா என்று இரண்டு வருஷமாக மனது உறுத்துகிறது. பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பாக்கியம். வண்டிப்பெரியாருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். முதல் வீட்டுக்காரர் கல்யாணமான இரண்டாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. அதன் பிறகு அண்ணன் வீட்டோடுதான் இருந்தேன். லயத்து வீடு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒரே அறை. அதில் அண்ணன், மைனி, பிள்ளைகள், ஒரு மூலையில் நான். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரை போகாது. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் கொடுக்கலாம்.

ஞானமுத்து என்பவர் பக்கத்து டிவிஷனிலிருந்து எங்கள் பாக்டரிக்கு மாறி வந்தார். ஐம்பதை நெருங்கிய வயது. கொழுந்தை உருட்டிப் பிழியும் ரோலர் மிஷினில் வேலை. இளவயதிலிருந்து அந்த இரைச்சலில் நின்று நின்று காது மந்தமாகிவிட்டது. அவருடைய மனைவி வயிற்று நோயில் நெடுங்காலம் படுக்கையில் கிடந்து இறந்தவர். சமைத்துக் கொடுத்ததும், துணி அலசியதும், தூக்கி உட்கார வைத்ததும் எல்லாம் அவர்தானாம்.

கோயிலில் பாட்டு முடிந்தது அவருக்குத் தெரியாது. எல்லாரும் நிறுத்திய பிறகும் ஒரு வரி தனியாகப் பாடுவார். பிள்ளைகள் சிரிக்கும். ஒரு ஞாயிறு, பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நான், என்னை அறியாமல் கையைத் தாழ்த்திக் காட்டினேன். அவர் சட்டென்று நிறுத்தினார். அடுத்த ஞாயிறிலிருந்து ஒவ்வொரு பாட்டின் கடைசி அடியிலும் என் பக்கம் பார்ப்பார். நான் கையைத் தாழ்த்துவேன். எங்களுக்குள் நடந்தது அவ்வளவுதான். ஒரு வருஷம் அப்படியே போனது. பிறகு அவர் அண்ணனிடம் வந்து என்னைக் கேட்டார். அவர் கேட்டது லயம் முழுவதற்கும் கேட்டது.

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. இந்த வயதில் கல்யாணமா என்று கூசினேன். ஆனால் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

எழுபத்து நான்காம் வருஷம் மழைக்காலத்தில், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கும் அறிவிப்பில் முதல் ஓலை வாசித்தார்கள். அந்த வாரம் மலைத்தண்ணீர் விழும் பீலியில் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டியது. தோட்டத்து மிட்வைஃப் அக்காவிடம் மட்டும் காட்டினேன். அவர் அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

"கல்லு மாதிரி இருக்கு பாக்கியம். நகரவும் மாட்டேங்கு. புத்தா இருக்குமோன்னு பயமா இருக்கு. கீழ பெரிய ஆஸ்பத்திரில போய்க் காட்டு. தள்ளிப்போடாத."

"ரோடு அடச்சிக் கெடக்கே அக்கா?"

"தெறந்த அன்னைக்கே போ. மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டியா?"

சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நான் மெதுவாகப் பேசினால் அவர், "என்ன?" என்பார். சத்தமாகப் பேசினால் ஊருக்கே கேட்கும். அதோடு, ஓலை வாசிக்கத் தொடங்கிய பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் தனியே நின்று பேசக் கூடாது என்பது எங்கள் லயத்துக் கட்டுப்பாடு. அவர் வந்தால் வாசலில் மைனியும் உட்கார்ந்திருப்பாள். அன்று மாலை அவர் வந்தபோது, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினேன்.

"என்னது?"

"ஒண்ணு சொல்லணும்."

பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலாகக் குரல் கொடுத்தாள். "ஏளா பாக்கியம், இன்னும் சத்தமாச் சொல்லு. மாப்பிள்ளைக்குத்தான் கேக்கல. எங்களுக்கு நல்லாக் கேக்கு!"

லயமே சிரித்தது. அவரும் என்னவென்று தெரியாமலே சிரித்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

மழை விடவில்லை. குமுளி மலைப்பாதையில் மண் சரிந்து, கம்பம் போகும் பஸ் நின்றுவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் மூட்டம் வாசல்படியில் நிற்கும். வெளியே போகவும் வழியில்லை, உள்ளே அழவும் இடமில்லை. கர்த்தாவே, இந்தக் கட்டியைக் கரைத்துவிடும் என்று ஜெபித்தேன். தினமும் பீலியில் தொட்டுப் பார்ப்பேன். அப்படியே இருந்தது.

இரண்டாம் ஓலை வாசித்தார்கள். இவர்கள் சேர்வதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருக்கிறார்களா என்று உபதேசியார் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அந்தத் தடையை அறிந்த ஒரே ஆள் நான். நோயை மறைத்துத் தாலி வாங்குவது பாவம் என்று எனக்குத் தோன்றியது. எழுந்து சொல்ல வேண்டும் என்று முழங்காலை ஊன்றினேன். கால் வரவில்லை. நாக்கும் வரவில்லை.

அதன் பிறகு, அவரே மனம் மாறி என்னை விட்டுவிடட்டும் என்று ஜெபித்தேன். ஒருத்திக்கு அழுது முடித்தவர் இன்னொருத்திக்கும் அழ வேண்டாம் என்று கெஞ்சினேன். அவரோ தம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். ஒரு மாலை அங்கிருந்தே உரக்கக் கேட்டார். "பாக்கியம், அடுப்ப எந்தப் பக்கம் வைக்க?"

எதிர் வரிசைப் பெண்கள் எனக்கு முன்னால் பதில் சொன்னார்கள். "கெழக்குப் பக்கம் வைங்க அண்ணாச்சி! புதுப்பொண்ணுக்குப் பொக ஆகாது!"

அவர் ஒவ்வொன்றாகச் செய்யச் செய்ய, அவர் விட்டுவிடட்டும் என்று கேட்பதை நிறுத்தினேன். கட்டி கரைய வேண்டும் என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். கர்த்தாவே, இதை அவரிடம் சொல்ல ஓர் இடம் கொடும் என்று மட்டும் கேட்டேன். கொழுந்துக்கூடை தலையில் தொங்க, செடிகளுக்கு நடுவே நின்று, உதடு மட்டும் அசையக் கேட்டேன்.

அந்த வாரக் கடைசியில் காற்றும் மழையும் வலுத்து, மலையில் நிற்க முடியாமல் போனது. காலையில் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் கங்காணி சில பெண்களைக் கைகாட்டி, பாக்டரியில் குச்சி பொறுக்கப் போகச் சொன்னார். தேயிலைத் தூளில் கிடக்கும் காம்புகளைப் பொறுக்கும் வேலை அது. அவர் காட்டிய பெண்களில் நானும் ஒருத்தி. நான் கேட்கவில்லை. யாரும் எனக்காகச் சொல்லவும் இல்லை.

பாக்டரிக்குள் நான் அதுவரை வேலை பார்த்ததில்லை. நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து ரோலர் ஹால் தெரியும். அந்த இரைச்சலில் தரையே அதிரும். அங்கே வேலை செய்கிறவர்கள் சத்தம் போட்டுப் பேசுவதில்லை என்பதை அன்றுதான் கண்டேன். வாயை மட்டும் அசைக்கிறார்கள். ஒருவன் ஹாலின் அந்தக் கோடியில் உதட்டை அசைத்தால் இந்தக் கோடியில் ஒருவன் சிரிக்கிறான். ரோலரில் நின்ற அவர் என்னைப் பார்த்தார். சத்தமில்லாமல் வாயை அசைத்தார். "சாப்ட்டியா?"

எனக்குப் புரிந்தது. "சாப்ட்டேன்" என்று நானும் உதட்டை அசைத்தேன். பக்கத்தில் இருந்தவளுக்குத் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த முதல் பேச்சு அதுதான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கர்த்தர் கொடுத்த இடம் இதுதான் என்று அறிந்தேன்.

அடுத்த நாள் தண்ணீர் குடிக்கப் போகிறவள் போல எழுந்து, அவர் மிஷினுக்கு எதிரே நின்றேன். "மாரில கட்டி. புத்துன்னு சந்தேகம்."

அவர் என் வாயையே பார்த்தார். "திருப்பிச் சொல்லு" என்று உதட்டை அசைத்தார். புரியாமல் கேட்கவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. இரண்டாவது தடவையும் சொன்னேன்.

அவர் கையை நீட்டி மிஷினை நிறுத்திவிட்டார். அந்த ஹாலில் எல்லா ரோலரும் ஒரே பெல்ட்டில் ஓடுகிறவை. எல்லாம் நின்றன. அப்படி ஓர் அமைதியை அந்த பாக்டரி கண்டிருக்காது. அந்த அமைதியில் அவர் தம் வழக்கமான குரலில் கேட்டார்.

"வலிக்குதா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். பாக்டரியை நடத்தும் டீமேக்கர் ஓடி வந்தார். "யாருய்யா மிஷின நிறுத்துனது?"

"நாந்தாங்க ஐயா. எம் பொண்டாட்டிக்கு ஒடம்பு சரியில்ல."

பின்னாலிருந்து ஒருவன், "அண்ணாச்சி, இன்னும் ஒரு ஓல பாக்கி கெடக்கு!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் அழுவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. டீமேக்கர் எங்கள் இரண்டு பேரையும் வெளியே போய் வரச் சொன்னார்.

தகரக் கூரைக்கு அடியில் நின்றோம். மழை கொட்டியது. நான் அவர் முகத்துக்கு நேரே நின்று சொன்னேன்.

"ஓலைய நிறுத்தச் சொல்லிருங்க. ஒரு தடவ பட்டது போதும் உங்களுக்கு."

"பட்டதுனாலதான் சொல்லுதேன். எனக்கு அந்த வேல தெரியும்."

"நான் செத்துப்போனா?"

"கல்யாணத்த முந்தித்தான் வைக்கணும். ஆஸ்பத்திரில இவ உனக்கு யாருன்னு கேப்பான். என்ன சொல்ல? பாட்டு முடிஞ்சா எனக்குக் கை காட்டுத பொம்பளன்னா சொல்ல முடியும்?"

அழுகையோடு சிரித்தேன். எதைத் தடை என்று பயந்தேனோ, அதையே அவர் அவசரப்பட ஒரு காரணமாக எடுத்துக்கொண்டார்.

அன்று மாலைக்குள் லயம் முழுவதும் அறிந்துவிட்டது. கேலி செய்த பக்கத்து வீட்டுக்காரி சுடுகஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, நின்று பேசாமல் போனாள். மைனி, "ஒரே வீட்டுல படுத்திருந்தும் எங்கிட்ட சொல்லலியே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறு, தடை உண்டா என்று உபதேசியார் கேட்டுவிட்டு நின்றார். யாரும் பேசவில்லை. உபதேசியார் அடுத்ததைத் தொடங்கியது மாப்பிள்ளைக்குக் கேட்கவில்லை. என் பக்கம் பார்த்தார். நான் கையைத் தாழ்த்தினேன்.

அந்த வாரமே ரோடு திறந்தது. எங்கள் கல்யாணமும் நடந்தது. மாலை வாடுவதற்குள் பஸ் ஏறி மலை இறங்கினோம். கட்டி புற்றுதான் என்று டாக்டர் சொன்னார். மார்பை எடுக்க வேண்டும் என்றார். பெண்கள் வார்டு மாடியில் இருந்தது. பார்க்கும் நேரம் போக ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தது. லயத்தை விட்டு வந்து இன்னோர் அறையில் அடைபட்டேன்.

ஆனால் அவர் கீழே வேப்பமரத்தடியில் நின்றார். மற்றப் பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தங்கள் ஆட்களிடம் கத்துவார்கள், நர்ஸ் அதட்டுவார். நான் உதட்டை மட்டும் அசைப்பேன். அவர் கீழேயிருந்து பதில் சொல்வார். அந்த வார்டிலேயே புருஷனோடு ரகசியம் பேசியவள் நான் ஒருத்திதான். ஆபரேஷனுக்கு முந்தின மாலை, "பயமா இருக்கு" என்றேன். "எனக்குந்தான்" என்றார். அதைக் கேட்ட பிறகு எனக்குத் தைரியம் வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

மார்பை எடுத்தார்கள். பிறகு பல வாரம் கதிர் பாய்ச்சும் கரண்டு வைத்தார்கள். தோல் கருகிச் சோறு இறங்காத நாட்கள் இருந்தன. வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று கம்பி வழியாகச் சொல்லியிருக்கிறேன். அவர் புரியாதவர் போலக் காதைக் காட்டுவார். அவர் என்னிடம் நடித்தது அது ஒன்றுதான்.

கடைசியில் டாக்டர் அவரையும் உள்ளே அழைத்து, இப்போதைக்கு நோய் இல்லை, அவ்வப்போது வந்து காட்ட வேண்டும் என்றார். அதற்கு மேல் டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் நானும் சொல்லத் துணியவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது. நான் இருக்கிறேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

என் கட்டியைக் கரைக்கும்படி கேட்டேன், கரையவில்லை. ஓர் இடம் கேட்டேன், அதைக் கொடுத்தார். அந்த இடத்திலிருந்து மற்ற எல்லாம் வந்தது. முன்பெல்லாம், சத்தமாக ஜெபிக்கத் தெரியாத என்னைக் கர்த்தர் எங்கே கேட்கப் போகிறார் என்று நினைப்பேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. உங்களில் யாராவது, யாரிடமும் சொல்ல முடியாததை நெஞ்சில் வைத்துக்கொண்டு அடைபட்டுக் கிடந்தால், உதட்டையாவது அசையுங்கள். அவர் முகத்துக்கு நேரே நின்று அசையுங்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் வீடு வந்து சேர்ந்தது ஒரு ஞாயிறு மாலை. மறுநாள் இரண்டு பேரும் பெரட்டுக்குப் போனோம். கூடை தூக்க வேண்டாம் என்று எனக்குக் குச்சி பொறுக்கக் கொடுத்தார்கள். அவர் ரோலரில் நின்றார். மழை இல்லை.