வாளியில் விழாத ஒயின்

இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, கொலுசுச் சத்தம் என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும். என் கூட இருந்த கொழுந்தன்தான் சாட்சி. வாயைத் திறந்தால் புளுகுகிறவன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவன் வாயே திறப்பதில்லை.

என் வேலை ஒயினை ருசி பார்த்து மதிப்பிடுவது. குடிப்பது அல்ல. வாயில் வாங்கி, கொப்பளித்து, நாக்கு முழுக்கப் படவிட்டு, வாளியில் துப்பிவிட வேண்டும். விழுங்கினால் நாலாவது கிளாஸுக்குள் நாக்கு மழுங்கிவிடும். இதை என் மாமியாருக்கு இன்றுவரை புரியவைக்க முடியவில்லை. சொந்தக்காரர்களிடம் நான் பழச்சாறு கம்பெனியில் இருப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறார்.

அன்று நான் போன வீட்டில் பிரெஞ்சு சிவப்பு ஒயின் ஒரு பெட்டி இருந்தது. முப்பத்தெட்டு வருஷம் பழசு. பன்னிரண்டு பாட்டில் பெட்டி, ஒரு இடம் காலி. வாங்கி வைத்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி வீட்டையும் ஒயினையும் விற்றுவிட்டு மகளோடு போக இருந்தார். வாங்க வந்தவரோ ஒரே ஒரு பாட்டிலைத் திறந்து பார்க்கச் சொல்லி என்னை அனுப்பினார். நான் நன்றாக இருக்கிறது என்றால் மற்ற பத்தும் விலை போகும். செத்துவிட்டது என்றால் சாக்கடைக்குப் போகும். தப்பாகச் சொன்னால் என் பேர் போகும். இந்தத் தொழிலில் பேர் போனால் அப்புறம் நிஜமாகவே பழச்சாறு கம்பெனிதான்.

காலையிலிருந்தே எரிச்சல். துப்புகிற வாளியைக் காரில் எடுத்து வைக்கும்படி கொழுந்தனிடம் சொல்லியிருந்தேன்.

"வாளி எங்கடா?"

"வீட்ல இருக்கு அண்ணி."

"எந்த வீட்ல?"

"நம்ம வீட்ல."

வீட்டம்மா உள்ளே போய் ஒரு வெள்ளை எனாமல் வாளியைக் கொண்டுவந்தார். "அவரோடது," என்றார். பாட்டில் திறப்பதைப் பார்க்க மனசு வரவில்லை என்று கடைக்குக் கிளம்பிவிட்டார்.

ஜன்னலோரம் மேஜை, மேலே வெள்ளைத் துணி. பாட்டிலை மூன்று நாளாக நிற்கவைத்திருந்ததால் வண்டல் அடியில் தங்கியிருந்தது. கார்க் உடையாமல் வந்தது. கலங்காமல் கண்ணாடிக் கூஜாவில் ஊற்றினேன். கிளாஸைச் சாய்த்துப் பார்த்தேன். நடுவில் மாதுளை நிறம், ஓரத்தில் செங்கல் நிறம். வயதுக்குச் சரி. முகர்ந்தேன். உலர்ந்த பழம், ஈர மண், பழைய தோல்பை... எரிச்சலெல்லாம் எங்கோ போய்விட்டது.

வாயில் வைத்தேன்.

தண்ணீர்.

தண்ணீருக்காவது ஒரு ருசி உண்டு. இதில் ஒன்றுமே இல்லை. துப்பினேன். ஒரு துண்டு ரொட்டியை மென்றேன். ரொட்டி ருசித்தது. அப்படியானால் நாக்கு சரி. மறுபடி ஒயின். மூக்குக்கு வருகிறது, நாக்குக்கு வரவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அந்தக் கொடுமையை அன்றுதான் அனுபவித்தேன்.

போன் அடித்தது. வாங்குகிறவர்.

"என்ன மேடம், எப்படி இருக்கு?"

"பார்த்துட்டிருக்கேன் சார்."

"இன்னுமா?"

போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. இவ்வளவு பழைய ஒயின் காற்றுப் பட்டால் ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிசு. திறந்தது பத்தே முக்காலுக்கு. இப்போது பதினொன்று இருபது. ஐந்தாவது வாயையும் துப்பினேன். அப்போதுதான் கவனித்தேன்...

வாளியில் சத்தமே கேட்கவில்லை.

குனிந்து பார்த்தேன். காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. கறைகூட இல்லை.

"டேய், இதைக் கொட்டினியா?"

"எதை?"

"துப்பினதை."

"அதை நான் ஏன் தொடப் போறேன்?"

"பின்ன எங்க போச்சு? குடிச்சிட்டியா?"

"சீ! அண்ணி!"

எழுந்து வந்தான். வாளியைக் கவிழ்த்துத் தட்டினான். ஓட்டை இல்லை. தரையும் ஈரமில்லை. "இப்ப துப்புங்க, பார்ப்போம்," என்றான்.

இருவரும் பார்த்துக்கொண்டே இருக்க, துப்பினேன். என் வாயிலிருந்து சிவப்பாகத்தான் இறங்கியது.

அடியில் ஒன்றும் விழவில்லை.

மடக்.

யாரோ விழுங்கும் சத்தம். என் காதுக்குப் பக்கத்தில்... ரொம்பப் பக்கத்தில்.

கொழுந்தன் வாசலில் நின்றான். எப்போது ஓடினான் என்று தெரியவில்லை. "அண்ணி... வாங்க, போயிடலாம்."

போயிருக்க வேண்டும். ஆனால் பயத்தை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. மணி பதினொன்று முப்பத்தைந்து. ஒயின் சாகப் போகிறது. நான் ஒரு வரி எழுதவில்லை.

இன்னொரு கிளாஸை எடுத்தேன். விளிம்புவரை ஊற்றி எதிர்ப்பக்கம் தள்ளினேன்.

"இந்தா. இது உனக்கு. என் வாயை விடு. எனக்கு வேலை இருக்கு."

கிளாஸ் அசையவில்லை.

ஒயின் குறைந்தது.

மடக்...

மடக்...

நிதானமாக. ரசித்து.

காலிக் கிளாஸின் உட்புறம் சிவப்புக் கோடுகள் வழிந்தன.

அப்புறம் ஒரு இருமல்.

ஈரமான இருமல்...

அதோடு சரி.

என் கிளாஸை வாயில் வைத்தேன். வந்தது! பழம், மண், தோல், கடைசியில் ஒரு மெல்லிய துவர்ப்பு. அது போகாமல் நின்றுகொண்டே இருந்தது. அந்த வாளியில் துப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. விழுங்கிவிட்டேன். நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து மட்டும் கோணல்.

வீட்டம்மா திரும்பி வந்தார். "அருமையா இருக்கும்மா," என்றேன். முகம் மலர்ந்தது. கழுவி வைக்க வாளியை எடுத்தார். உள்ளே பார்த்தார்.

"நீங்க துப்பலையா?"

"துப்பினேன்."

வாளியை மேஜைமேல் வைத்துவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"அவருக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆச்சும்மா. அப்புறம் எதை முழுங்கினாலும் நுரையீரலுக்குப் போயிடும். சாப்பாடெல்லாம் வயித்துக் குழாய் வழியாத்தான். ஒயினை மட்டும் அவரால விட முடியலை. ருசி பாருங்க, ஒரு சொட்டு முழுங்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னார். அதுக்குத்தான் இந்த வாளி. ரெண்டு வருஷம் ஒழுங்கா துப்பினார்."

"அப்புறம்?"

"ஒருநாள் இதே மாதிரி கடைக்குப் போயிருந்தேன். இந்தப் பெட்டியில முதல் பாட்டிலைத் திறந்திருக்கார். வந்து பார்த்தா நாற்காலியில சாய்ஞ்சு கிடக்கிறார். தூங்கறார்னுதான் நினைச்சேன்."

வாளியின் அடியை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்புறம்தான் இதைப் பார்த்தேன். இப்படித்தான்... காய்ஞ்சு கிடந்துச்சு."